தோல் ஷாப் சுவரில் ஓடிய வர்ணப் படம்

1. படம் வேகுது சார்

படம் ஓட ஆரம்பித்து அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. திரையில் மஞ்சளாக ஒரு கொப்புளம் கிளம்பியது. அது ஆரஞ்சாகி, ஓரம் கறுத்து விரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. நடுவில் வெள்ளைக் கோடுகள் மேலிருந்து கீழாகத் தடதடவென்று இறங்கின. நான் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய் லேம்ப் சுவிட்சை அணைத்தது. இன்னொரு கை மோட்டாரை நிறுத்தியது.

ஹால் இருட்டானது. பள்ளிக்கூடப் பையன்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் ஊளையிட்டார்கள்.

"ஏன் பாய் நிறுத்துனீங்க?" என்று டிராயிங் மாஸ்டர் ஆரோக்கியம் சார் இருட்டில் பெஞ்சுகளில் இடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"படம் வேகுது சார்."

"என்னது?"

"ஃபிலிம் கேட்ல மாட்டிக்கிட்டு வேகுது சார். பாத்தீங்கள்ல, கொப்புளம் கொப்புளமா வந்துச்சே."

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "படமே அதுதான் பாய். நீங்க ஓட்டுங்க."

இப்போது இந்தத் தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கு நான் ஏன் அப்படிப் பயந்தேன் என்று விளங்காது. நான் தொழில் பழகிய காலத்தில் வந்த பழைய பிரிண்டுகளில் பல, பஞ்சு போலப் பற்றிக்கொள்ளும் ஜாதி. ஓடுகிற ஃபிலிம், விளக்கு வெளிச்சம் பாயும் அந்தக் கேட்டில் ஒரு விநாடி நின்றுவிட்டால் போதும். கார்பன் ஆர்க் விளக்கின் சூட்டில் நடுவில் பழுப்பாக ஒரு பொட்டு விழும். பொட்டு கொப்புளமாகும். கதாநாயகி முகம் திரையிலேயே உருகும். ஜனங்கள் அது என்னவென்று புரிந்துகொள்வதற்குள் ஆபரேட்டர் ஷட்டரை இறக்கியிருக்க வேண்டும். எனக்கு முந்தி எங்கள் தியேட்டரில் இருந்த ஆபரேட்டருக்கு வலது கையில் மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். தீயில் ஒட்டியவை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டேதான் நான் ஃபிலிம் மாட்டப் பழகினேன். திரையில் கொப்புளத்தைப் பார்த்தால் என்னைப் போன்றவனுக்குக் கை சுவிட்சுக்குப் போகுமே தவிர, அழகு என்று தோன்றாது.

நான் திண்டுக்கல்லில் ஒரு சினிமா தியேட்டர் ஆபரேட்டர். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் போனது இரவல் ஆளாக. ஆரோக்கியம் சார் மதராஸில் இருந்த ஒரு வெளிநாட்டுத் தகவல் நிலையத்துக்கு எழுதிப் போட்டு, சில சின்னப் படங்களை ரயில் பார்சலில் வரவழைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் பதினாறு எம்.எம். மெஷின் ஒன்று சும்மா கிடந்தது. ஓட்ட ஆள் இல்லை. எங்கள் மேனேஜரிடம் வந்து கேட்டார். மேனேஜர், "சனிக்கிழமை காலையில உனக்கு என்ன வேல, போய்ட்டு வாய்யா" என்று அனுப்பிவைத்தார்.

முதலில் மாட்டுப் பண்ணை பற்றி ஒன்று, அணைக்கட்டு பற்றி ஒன்று ஓட்டினேன். மூன்றாவதுதான் இது.

ஃபிலிமைக் கழற்றி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு இடத்திலும் வேகவில்லை. முனை மடங்கக்கூட இல்லை. மறுபடி மாட்டி, முதலிலிருந்து விட்டேன்.

அந்த ஆறேழு நிமிஷத்தை எப்படிச் சொல்வது என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை. கறுப்பில் ஒரு சிவப்புக் கோடு வந்து துடிக்கும். கிளை விடும். நனைந்த துணியில் சாயம் இறங்குகிற மாதிரி நீலம் வந்து அதை மூடும். கொட்டுச் சத்தம் ஒன்று விழும், அதே நொடியில் திரையில் ஒரு பொட்டு விழும். கொட்டு வேகம் பிடித்தால் பொட்டுகள் மழையாகும். ஆள் இல்லை, வீடு இல்லை, மரம் இல்லை, கதை இல்லை. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஆபரேட்டர் என்பவன் மெஷினைப் பார்க்க வேண்டியவன், திரையை ஓரக்கண்ணால் பார்த்தால் போதும். அன்று நான் ஃபோகஸ் வளையத்தில் கையை வைத்தபடி திரையையே பார்த்து நின்றேன். ரீல் முடிந்து அதன் வால் டப்டப்பென்று அடித்த பிறகுதான் மெஷின் ஞாபகம் வந்தது.

விளக்குப் போட்டதும் முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "சார், இது எப்ப சார் ஆரம்பிக்கும்?" என்று கேட்டான்.

பின்னாலிருந்து இன்னொருவன், "ஏலே, ஆபரேட்டர் பாய் பயந்தது சரிதாண்டா. எனக்கே வயித்தக் கலக்குது" என்றான்.

எனக்கு யார் சிரித்ததும் உறைக்கவில்லை. மறுபடி ஓட்ட வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான். அதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

2. பேகம்பூர் நிபந்தனை

அந்தச் சமயம் என் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மனைவி சபுரா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போனவள், பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்த பிறகும் வரவில்லை. தாய்வீடு ஒன்றும் தூரதேசம் இல்லை. இதே ஊரில் பேகம்பூர். சைக்கிளில் போனால் ஒரு பீடி குடிக்கிற நேரம். அனுப்ப மறுத்தவர் என் மாமனார்.

மாமனார் காதர் மீரான் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. பதனிட்ட தோலை ரகம் பிரிப்பது அவர் வேலை. தோலைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார், ஒரு பார்வை, உடனே முதல் ரகமா மூன்றாம் ரகமா என்று குறி போட்டுத் தள்ளுவார். மனுஷர்களிடமும் அதே சுருக்கம்தான். நான் பிள்ளையைப் பார்க்கப் போன ஒரு வெள்ளிக்கிழமை என்னை உட்காரவைத்துச் சொன்னார்:

"மாப்ள, நீங்க கெட்ட ஆளுன்னு நான் சொல்லல. அஞ்சு வேளையும் தொழுறீங்க. ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது. ஆனா உங்க வீட்டுச் சோறு மார்க்கத்துல ஆகாத உருவப் படத்துல இருந்து வருது. பொம்பள ஆடுறதையும் ஆம்பள குடிக்கிறதையும் சுவரு பெருசுக்குக் காட்டி அதுல வருது. என் பேரன் அதைத் தின்னு வளர வேணாம். நம்ம ஷாப்புல வேல இருக்கு. சேர்ந்துட்டுச் சொல்லுங்க, அன்னைக்கே சபுராவ வண்டி ஏத்தி விடுறேன்."

அவர் சொன்ன முள் எனக்குள்ளேயே இருந்தது. மாலைக் காட்சிக்கு முன்னால் ரீவைண்டிங் ரூமில் பாய் விரித்து மக்ரிபு தொழுதுவிட்டு எழுந்ததும், சுவரில் ஒட்டிய போஸ்டர் கண்ணில் படும். நெஞ்சுக்குள் ஒன்று நெருடும். ஆனால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டால் எல்லாம் மறந்துவிடும். அந்தச் சத்தத்தை விட்டுவிட்டுத் தோல் உலர்த்தப் போக எனக்கு மனசு வரவில்லை. பிள்ளையும் மனைவியும் இல்லாத வீட்டுக்குப் போகவும் மனசு வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன்.

சபுரா வாய்க்காரி. ஒருநாள் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு, "இவன் உங்க மூஞ்சிய மறந்துருவான் போல. அடுத்த வெள்ளி உங்க போட்டோ ஒண்ணு கொண்டாந்து இங்கே மாட்டிட்டுப் போங்க" என்றாள்.

"உங்க அத்தா போட்டோவையும் மாட்ட விட மாட்டாரே."

"அப்ப நீங்களே வந்து ஆணியில தொங்குங்க" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் நான் கிளம்பும்போது கதவு வரைக்கும் வரவில்லை.

3. லென்சுக்கு அடியில்

அந்த ரீல்கள் திங்கட்கிழமை சாயங்கால ரயிலில் மதராசுக்குத் திரும்ப வேண்டியவை. அதுவரை எங்கள் ரூமில் இருக்கட்டும் என்று ஆரோக்கியம் சாரிடம் கெஞ்சி வாங்கி வந்தேன். "தியேட்டர்ல போட்டுறாதீங்க பாய், ஜனங்க திரையக் கிழிச்சிருவாங்க" என்றவர், விடமாட்டாமல் தானும் கூடவே வந்துவிட்டார்.

ரீவைண்டரில் மாட்டி, பல்புக்கு மேலே ஃபிலிமை இழுத்துப் பிடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சாதாரணப் படத்தில் அடுத்தடுத்த ஃப்ரேம்கள் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கை ஒரு மயிரிழை நகர்ந்திருக்கும், கண் ஒரு துளி மூடியிருக்கும், அவ்வளவுதான். இதில் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் உறவே இல்லை. சில இடங்களில் ஃப்ரேமே இல்லை. வர்ணம் கட்டத்தை மதிக்காமல் நூல் மாதிரி நீளமாகப் போகிறது. ஒரு இடத்தில் தூரிகை மயிரின் தடம்கூடத் தெரிந்தது.

"இது கேமரா எடுத்தது இல்லையே சார்."

"கேமராவே கிடையாது. வெறும் ஃபிலிமை மேசையில நீட்டி வச்சு, ஒரு ஆளு உக்காந்து அது மேலயே வர்ணம் பூசியிருக்கான். காஞ்சதும் ஊசியால கீறியிருக்கான். அதுல இருந்து எடுத்த பிரிண்டுதான் இது."

"ஒரு விநாடிக்கு இருபத்துநாலு ஃப்ரேமாச்சே."

"அம்புட்டையும்தான்."

நான் லென்ஸைக் கீழே வைத்துவிட்டேன். என் தொழிலில் கீறல் என்பது கேவலம். ஒரு பிரிண்டில் கீறல் விழுந்தால் யார் மெஷினில் விழுந்தது என்று ஊர் ஊராக விசாரணை நடக்கும். எந்தக் கீறல் வராமல் இருக்க நான் வெல்வெட் துணியால் துடைத்துத் துடைத்துச் செத்தேனோ, அதே கீறலை ஒருவன் ஆசை ஆசையாகப் போட்டு, அதைத் திரையில் மழையாகப் பொழியவைத்திருக்கிறான். எனக்குச் சிரிப்பும் வந்தது, உடம்பு சிலிர்க்கவும் செய்தது.

"இதுக்கு என்ன சார் அர்த்தம்?"

"வாத்தியார்கிட்ட அர்த்தம் கேக்காதீங்க பாய். ஏதாவது ஒண்ணச் சொல்லித் தொலச்சுருவேன்." அவர் ரீலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நாதஸ்வரம் கேக்குறீங்க. அதுல என்ன அர்த்தத்தைக் கண்டீங்க? காது நெறஞ்சா சரி. இதுல கண்ணு நெறஞ்சா சரி."

மறுநாள் விடியலில் ஃபஜ்ரு தொழுகையில் நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. தொழவைக்கும் ஹஜ்ரத் நீளமாக ஓதுகிறார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அரபியில் வார்த்தைக்கு வார்த்தை பொருள் சொல்லத் தெரியாது. ஆனாலும் சில இடத்தில் குரல் ஏறி இறங்கும்போது கண் கலங்கிவிடுகிறது. இறைவன் வாக்கையும் மனுஷன் பூசிய வர்ணத்தையும் பக்கத்தில் வைக்க நான் யார், அல்லாஹ் மன்னிக்க வேண்டும். ஆனால் பொருள் பிடிபடுவதற்கு முந்தியே நெஞ்சு நெகிழும் என்பது எனக்குப் புதுசு இல்லை. தினமும் நடப்பதுதான்.

சலாம் கொடுத்துத் தொழுகை முடித்தபோது அடுத்த எண்ணமும் வந்துவிட்டது. இதில்தான் உருவமே இல்லையே. மாமனாருக்கு இதைக் காட்டினால் என்ன?

4. நேராகக் கேட்டது

பள்ளிவாசலிலிருந்து நேராகப் பேகம்பூருக்கு மிதித்தேன். முதலில் சபுராவிடம் சொன்னேன். மூச்சு விடாமல் சிவப்பு, நீலம், கொட்டு, பொட்டு என்று கொட்டித் தீர்த்தேன். பிள்ளை என் குரலில் முழித்துக்கொண்டான்.

"காச்சல் ஏதும் இருக்கா?" என்று என் நெற்றியில் கை வைத்தாள் சபுரா.

"மாமாவ எப்படியாவது பள்ளிக்கூடத்துப் பக்கம் கூட்டியாந்துட்டா, தற்செயலா பாக்குற மாதிரி..."

"தற்செயலும் வேணாம், ஒண்ணும் வேணாம். சுத்தி வளைச்சீங்கன்னா அத்தா ஜென்மத்துக்கும் நம்ப மாட்டாரு. நேரா போய்க் கேளுங்க. திட்டுனா வாங்கிக்கங்க."

மாமனார் முற்றத்தில் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தார். கேட்டேன். அவர் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் பேசினார்.

"படமா?"

"ஆமா மாமா. ஆனா உருவம் இல்ல."

"ஆளு?"

"இல்ல."

"ஆடு மாடு, பறவ?"

"ஒண்ணும் இல்ல."

"பாட்டு?"

"பாட்டு இல்ல. கொட்டு மட்டும் இருக்கு. வேணாம்னா சத்தத்த அடச்சுரலாம்."

"அப்ப அதுல என்னதான் மாப்ள இருக்கு?"

"வர்ணம் மாமா."

"வர்ணம் பாக்க நான் எதுக்கு அங்கே வரணும்? எங்க சாயத்தொட்டிய எட்டிப் பாத்தா ஆச்சு" என்றார். என் முகம் வாடிவிட்டது. அதைப் பார்த்தாரோ என்னவோ, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே, "நான் சினிமாப் பக்கமெல்லாம் வர மாட்டேன். ஷாப்புக்குக் கொண்டாங்க. நாளைக்கு ளுஹர் தொழுதுட்டு, சாப்பாட்டு நேரத்துல. வேல கெடக் கூடாது" என்றார்.

சபுரா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். வாயைத் துணியால் மூடியிருந்தாள். சிரித்தாளா, துஆ ஓதி வேண்டினாளா தெரியாது.

ஆரோக்கியம் சாரிடம் போய்ச் சொன்னேன். "தோல் ஷாப்பா? அந்த வாடையில எனக்கு மயக்கம் வந்தா நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். ஆனால் திங்கட்கிழமை மதியம் அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஜட்கா வண்டியில் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு முந்தி வந்து நின்றார்.

5. கோழியா, பாம்பா

தோல் நிழலில் உலர்த்துகிற நீளக் கொட்டகை அது. ஜன்னல்களுக்கெல்லாம் சாக்கு கட்டினோம். ஆபீஸ் ரூமிலிருந்து கரண்டுக்கு ஒயர் இழுத்தேன். புதுசாகச் சுண்ணாம்பு அடித்த சுவர்தான் திரை. மேலே கயிற்றில் தோல்கள் தொங்குகின்றன. கீழே வேலையாட்கள் தூக்குச்சட்டியோடு குந்தியிருந்தார்கள். மாமனார் மட்டும் உட்காரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தோலுக்கு ரகம் பார்க்கிற மாதிரி நின்றார்.

பிஸ்மில்லாஹ் சொல்லி மோட்டாரைப் போட்டேன். சத்தத்தை அடைத்திருந்தேன். மெஷின் ஓசை மட்டும்.

மஞ்சள் கொப்புளம் வந்தது. இந்தத் தடவை என் கை சுவிட்சுக்குப் போகவில்லை. நீலம் விரிந்தது. சிவப்பு கிளைவிட்டது. கொட்டகையில் பேச்சு நின்றது. அப்போதுதான் மாயாண்டி என்கிற வேலையாள் சோற்றுக் கையை நீட்டி, "அந்தா கோழி" என்றான்.

"எங்கடா?"

"அந்தா ஓடுதுல்ல, கொண்டையோட."

"கோழி இல்லப்பா, பாம்பு. நெளியுது பாரு."

"அடப்போங்கப்பா, அது நம்ம மேஸ்திரி தாடி."

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. மாமனார் சிரிக்கவில்லை.

"நிறுத்துங்க மாப்ள."

நிறுத்தினேன். சாக்கு இடுக்கில் வந்த வெளிச்சத்தில் அவர் முகம் தெரிந்தது. "உருவம் இல்லேன்னு சொன்னீங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

இல்லை என்று சத்தியம் செய்யலாம். ஆனால் நாலு பேர் பார்த்தேன் என்கிறார்கள். ஆரோக்கியம் சார் ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். லேம்ப் ஆறியதும் கேட்டைத் திறந்து, ஓடி முடிந்த பக்கத்திலிருந்து ஃபிலிமை நாலைந்து முழம் திருப்பி இழுத்தேன். வாசல் பக்கத்துச் சாக்கை விலக்கினேன்.

"ஓரத்தை மட்டும் பிடிச்சுப் பாருங்க மாமா. மாயாண்டி கோழிய எங்கே பாத்தானோ, அந்த இடம்தான் இது."

மாமனார் வாங்கினார். தோலைப் பிடிக்கிற அதே மாதிரி, இரண்டு கையாலும் இழுத்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார். இந்தப் பக்கம் பார்த்தார், திருப்பி அந்தப் பக்கம் பார்த்தார். எனக்கு ஒரு தொழுகை நேரம் போன மாதிரி இருந்தது.

"மாயாண்டி, இங்கே வா. கோழியக் காட்டு."

மாயாண்டி கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். "ஓடுறப்ப இருந்துச்சுங்க. இப்பக் காணோம். வெறும் கோடாத்தான் கெடக்கு."

"அப்ப கோழி எங்கே இருந்துச்சு?"

"எனக்குப் பசி நேரங்க மேஸ்திரி" என்றான் மாயாண்டி.

முதலில் சிரித்தவர் மாமனார்தான். நான் அவர் வாய்விட்டுச் சிரித்து அதற்கு முந்திப் பார்த்ததில்லை. "சோத்துக்கு வெஞ்சனம் இல்லாம வந்திருக்கான், அதான் சுவத்துல கோழி ஓடுது. மாப்ள, முதல்ல இருந்து போடுங்க" என்றார்.

இரண்டாவது ஓட்டத்தில் அவர் சுவரை நோக்கி நடக்க ஆரம்பித்தார். பழுப்பில் வலை வலையாக ஒரு இடம் வரும். "இது தோலோட மயிர்க்கண்ணு மாதிரியே இருக்கு, பாருங்க. மயிரு எடுத்தப்புறம் இப்படித்தான் தெரியும்" என்றார் யாரிடமென்று இல்லாமல். சிவப்பு வந்ததும், "இந்தச் செவப்ப எதுல எடுத்தான்? இம்புட்டு சுத்தமா நமக்கு இறங்க மாட்டேங்குதே" என்றார். பொட்டுகள் விழ ஆரம்பித்ததும் திரும்பி, "அந்தக் கொட்டச் செத்த வைங்க. எங்கே விழுதுன்னு பாப்போம்" என்றார்.

சத்தத்தைத் திறந்தேன். கொட்டும் பொட்டும் சேர்ந்து விழுந்தன. கொட்டகையில் ஒருவர்கூடச் சாப்பிடவில்லை. சுவரில் வர்ணம் ஓட, மேலே தொங்கிய தோல்களிலும் அந்த வெளிச்சம் சிவப்பும் நீலமுமாக அலைந்தது. அதை அந்தப் படத்தைப் பூசிய மனுஷன்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

முடிந்ததும் மாமனார் என்னிடம் வந்தார். "நீங்க தினம் ஓட்டுறது இது மாதிரியா மாப்ள?"

ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். ஆரோக்கியம் சார் என்னையே பார்க்கிறார். சபுராவும் பிள்ளையும் அந்தத் தலையசைப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரி எனக்கு இருந்தது.

"இல்ல மாமா. இது ஒண்ணுதான் இப்படி. இன்னைக்குச் சாயங்காலம் நான் ஓட்டப்போறது ஆளும் ஆட்டமும் உள்ள படம்தான்."

"அப்ப எதுக்கு இத எனக்குக் காட்டுனீங்க?"

"சபுராவுக்காகத்தான் மாமா, பொய் சொல்லல. ஆனா அது மட்டும் இல்ல. பாத்ததும் உசுரு துள்ளிருச்சு. வீட்டு ஆளுகளுக்குக் காட்டணும்னு இருந்துச்சு. என் வீட்டு ஆளுன்னு எனக்கு இங்கேதான இருக்கு."

அவர் கயிற்றில் சரிந்து தொங்கிய ஒரு தோலை இழுத்து நேராக்கினார். பிறகு, "உங்க தொழில் எனக்கு இன்னும் பிடிக்கல" என்றார்.

"சரி மாமா."

"நான் சினிமாக் கொட்டகைக்குள்ள கால் வைக்க மாட்டேன். என்னையக் கூப்பிடக் கூடாது."

"கூப்பிட மாட்டேன்."

"வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சு சாயங்காலம் அஸர் கழிச்சு சபுராவக் கூட்டிப்போக வண்டி கொண்டாங்க. அதுக்கு முந்தி வேணாம், பிள்ளைக்கு வெயில் ஆகாது."

சொல்லிவிட்டு, "ஏய், சாக்க அவுங்கப்பா, வேல கெடக்கு" என்று போய்விட்டார். நான் மெஷினைக் கழற்றினேன். ஆரோக்கியம் சார்தான் ரீலை டப்பாவில் வைத்து மூடினார். வாடையைப் பற்றி அவர் அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

6. முப்பது அடி

சபுரா வீட்டுக்கு வந்த மறுநாளே சண்டை.

"அத்தா பாத்தாச்சு. மாயாண்டி பாத்தாச்சு. சாயத்தொட்டி கழுவுற ஆளு வரைக்கும் பாத்தாச்சு. எந்தப் படத்தால நான் இங்கே வந்தேனோ, அத நான் பாக்கல."

ரீல் மதராசுக்குப் போய்விட்டதே என்றேன். அதற்கு நான் என்ன செய்ய என்றாள். நியாயம்தான்.

ரூமில் கழித்துப் போட்ட பழைய டிரெயிலர் துண்டுகள் கிடந்தன. மேனேஜரிடம் கேட்டு முப்பது அடி எடுத்து வந்தேன். சலவைச் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் மேலே இருக்கும் படம் வழிந்து கழன்றுவிடும். கண்ணாடி போல வெறும் ஃபிலிம் மிஞ்சும். இடைவேளையில் போடும் விளம்பர ஸ்லைடுகளுக்குப் பூசுகிற வர்ண மை என்னிடம் நாலு குப்பி இருந்தது. வீட்டுக்கூடத்திலிருந்து முற்றம் வரைக்கும் ஃபிலிமை நீட்டி, இரு முனையிலும் அரிசிப்படி வைத்து, நான் ஒரு பக்கமிருந்து பூசினேன். சபுரா பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு மறுபக்கமிருந்து ஆரம்பித்தாள். கொண்டை ஊசியால் கீறினாள். "இங்கே கீறலாமா?" என்று கேட்பாள், நான் பதில் சொல்வதற்குள் கீறியிருப்பாள். என்னுடையது வரி வரியாக, பயந்து பயந்து போட்ட மாதிரி இருந்தது. அவளுடையது தாறுமாறு. இரண்டும் நடுவில் வந்து முட்டின.

ஒரு காலை நேரம், காட்சி இல்லாத தியேட்டரில், மேனேஜர் சம்மதத்தோடு சபுராவை உட்காரவைத்தேன். பிள்ளை மடியில். "ஓசியில புதுப்படம் ரிலீஸ் பண்றவன் இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்தன்தான்யா" என்றார் மேனேஜர்.

கார்பனைப் பற்றவைத்து, ஆர்க் நிலைக்கு வந்ததும் விட்டேன். முப்பது அடி ஓட இருபது விநாடி. மெஷினை நிறுத்திவிட்டுப் படியில் இறங்கி ஓடி வந்தேன்.

"முடிஞ்சிருச்சா?" என்றாள்.

"முடிஞ்சிருச்சு."

அவள் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பச்ச யாரு வச்சது?"

"நீதான்."

"நான் ஊசி முனையில ஒரு சொட்டுத்தான வச்சேன். அது இம்புட்டுப் பெருசா?" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பிறகு, "இன்னொரு தடவ போடுங்க" என்றாள்.

அன்று அந்தத் துண்டு ஐந்தாறு தடவை ஓடியது. சூட்டில் மை உதிர்ந்து, கடைசியில் கேட்டைத் துடைக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. மாமனார் மவுத்தாகிக் கண் மூடும் வரைக்கும் எங்கள் தியேட்டருக்குள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஆனால் தோல் ஷாப்பில் புதுச் சாயம் ஏதாவது இறங்கினால் ஒரு துணுக்குத் தோலைப் பொட்டலம் கட்டி எனக்குக் கொடுத்தனுப்புவார். நான் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன்.

தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். பழக்கமில்லாத படம் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், இது என்ன, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பதற்கு முந்தி, ஃபோகஸை ஒழுங்காக வைத்து முழுசாக ஒரு தடவை ஓடவிடுங்கள். கோழி தெரிந்தால் தெரியட்டும். பிடித்துப்போனால், அதை உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். யாருக்குக் காட்டத் தோன்றுகிறதோ அவர் வாசலுக்கே மெஷினைத் தூக்கிக்கொண்டு போங்கள், ஒன்றையும் மறைக்காமல் காட்டுங்கள். வர்ணத்தைப் படைத்தவன் அல்லாஹ். அதற்குப் பின்னால் நின்று விளக்குப் பிடிக்கிற வேலையை எனக்குக் கொடுத்தான். அந்த வேலையைச் செய்து நான் ஒருநாளும் அலுத்ததில்லை.